வேலாண்டியின் கையெழுத்து

உட்காருங்கள், வக்கீலம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். எழுதித் தர மாட்டேன். நல்லதம்பி கேஸ் அப்பீலுக்குப் போகிறது, அதற்கு என்னிடம் ஒரு அஃபிடவிட் வேண்டும் என்று போனில் சொன்னீர்கள். போனிலேயே முடியாது என்றேன். அப்படியும் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். வந்தவர்களை வாசலோடு அனுப்புகிற பழக்கம் எனக்கு இல்லை. கேளுங்கள். கேட்டுவிட்டுப் போங்கள். அந்த நோட்டை மூடுங்கள். பேனாவையும்.

என் பெயர் அருளப்பன். ஏட்டு அருளப்பன் என்றால் புதுக்கோட்டைப் பக்கம் தெரியும். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ். போன ஜூனில் ரிட்டயர் ஆனேன். ஒரு மெமோ கிடையாது. ஒரு பனிஷ்மெண்ட் கிடையாது. எழுத வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போனில் என்ன சொன்னீர்கள்? "அந்த மக்கள் உங்களை நம்புனாங்க சார்" என்றீர்கள். நம்பிக்கை! இப்போது எல்லாரும் அதைப் பேசுகிறார்கள். போலீஸ் உங்கள் நண்பன் என்று சுவரில் எழுதுகிறார்கள். வாலிபால் போட்டி வைக்கிறார்கள். அதிகாரி வந்து பந்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். எனக்கு அதெல்லாம் தெரியாது. பதினோரு வருஷம் கல்லுடைக்கிற காலனிக்கு நடந்தேன். அங்கே எனக்கு வெறும் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். ஒரு எழுத்து இல்லாத வெள்ளைத் தாள். உங்களுக்கு யாராவது போட்டுக் கொடுப்பார்களா? உங்கள் அப்பா போடுவாரா?

முதலிலிருந்து சொல்கிறேன். குறுக்கே பேசாதீர்கள்.

அந்தக் காலனியில் அறுபது வீடு. பக்கத்தில் குவாரி. காக்கியைக் கண்டால் ஓடுவார்கள். காரணம் உண்டு. மாசக் கடைசியில் ஸ்டேஷனில் கேஸ் குறைந்தால் ஜீப் அங்கேதான் போகும். இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு வந்து, சந்தேகத்துக்கு இடமாகப் பதுங்கி நின்றான் என்று ஒரு கேஸ். கேட்பதற்கு ஆள் கிடையாது. அவர்கள் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

நான் ரோந்து பீட்டுக்கு முதல் நாள் போகிறேன். உச்சி வெயில். குவாரி மேட்டில் கால் வைக்கிறேன், ஒருத்தன் விசில் அடிக்கிறான். அத்தனை பேரும் ஓடுகிறார்கள். ஆம்பளை, பொம்பளை, எல்லாரும். என்னைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன். ஓடுகிறவனைக் கண்டால் துரத்துவது போலீஸ் கால். துரத்தினேன். அவர்கள் சுற்றிக்கொண்டு ஓட, நான் குறுக்கே பள்ளத்துக்குள் இறங்கினேன். "நில்லுடா, நில்லுடா" என்று கத்திக்கொண்டு.

பள்ளத்தில் வெடி வைத்திருந்தார்கள். திரி எரிந்துகொண்டிருந்தது. விசில் அதற்கு.

ஒருத்தன் மட்டும் திரும்பி ஓடி வந்தான். இடுப்பில் ஒரு துண்டு, உடம்பெல்லாம் கல் தூசி. என் பெல்ட்டைப் பிடித்து இழுத்து ஒரு பாறைக்கு அடியில் தள்ளினான். மேலே விழுந்து படுத்துக்கொண்டான். வெடித்தது. கல் மழை. என் தொப்பி விழுந்து கிடந்த இடத்தில், பிறகு பார்த்தால், தேங்காய் பருமனில் ஒரு கல்.

தூசி அடங்கியதும் எழுந்து உட்கார்ந்தான். முதுகில் சில்லு ஏறி ரத்தம் வடிந்தது. சொன்னான்: "ஏட்டையா, எங்களப் புடிக்கணும்னா சோத்து நேரத்துல வாங்க. எல்லாரும் ஒரே எடத்துல உக்காந்திருப்போம். ஓடவும் மாட்டோம்."

அவன்தான் வேலாண்டி.

மறுநாள் சோத்து நேரத்தில் போனேன். பைக்கை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போனேன். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் பெண்சாதி ராக்காயி ஒரு தட்டை எடுத்து வைத்தாள். "போலீசு வயித்துக்கு எங்க கஞ்சி சேருமா?" என்றாள். "சேரலைன்னா உன் பேர்ல கேஸ் போடுறேன்" என்றேன். அறுபது வீடும் சிரித்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் எந்த வித்தையும் கிடையாது.

இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன். அந்தக் காலனியில் சந்தேகக் கேஸுக்கு இனி ஆள் எடுக்கக் கூடாது, எடுத்தால் நான் அந்தப் பீட் பார்க்க மாட்டேன் என்றேன். திட்டினார். ஒரு வாரம் வெயிலில் டிராபிக் பார்க்க விட்டார். பார்த்தேன். ஆனால் நின்றது. பதினோரு வருஷம் ஒருத்தனையும் சும்மா எடுக்கவில்லை. அதை நான் செய்தேன். இது உங்கள் அப்பீலில் வராது.

அதற்குப் பிறகு அவர்களாக வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். எவன் பெண்டாட்டியை அடித்தான், எவன் சாராயம் கொண்டுவந்தான், எந்த மேஸ்திரி பொம்பளைப் பிள்ளைகளிடம் வாலாட்டினான், எல்லாம். என்னை இரண்டு தடவை மாற்றினார்கள். இரண்டு தடவையும் அறுபது வீடும் லாரியில் ஏறி எஸ்.பி. ஆபீசுக்குப் போய் மனு கொடுத்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "என்னய்யா, அவனுங்களுக்கு மருந்து கிருந்து வச்சியா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். போலீஸ்காரன் வேண்டும் என்று மனு கொடுத்த ஊர் ஒன்று காட்டுங்கள், பார்ப்போம்.

சரி. கையெழுத்து விஷயம். அதற்குத்தானே வந்தீர்கள்.

வக்கீலுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கேஸானாலும் மகஜர் எழுத வேண்டும். இந்த இடத்தில் இன்னது கிடந்தது, இன்னது எடுத்தோம் என்று. அதற்கு வெளி ஆள் இரண்டு பேர் சாட்சி வேண்டும். ஒருத்தன் வர மாட்டான். பஜாரில் கேட்டால் ஷட்டரை இறக்குவான். வாத்தியார் கும்பிடு போட்டுவிட்டுச் சந்துக்குள் போவார். வேலாண்டி வருவான். கூப்பிட்டால் சுத்தியலைப் போட்டுவிட்டு வருவான். ரோட்டில் அடிபட்டுக் கிடப்பவன், கிணற்றில் விழுந்தவள், எல்லாவற்றுக்கும் அவன்தான் சாட்சி.

முதலில் கைநாட்டு வைத்துக்கொண்டிருந்தான். கோர்ட்டில் ஒரு வக்கீல் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. ஜல்லிக் குவியல் பக்கத்தில் உட்காரவைத்து, பாறையில் சாக்குக்கட்டியால் எழுதிக் காட்டினேன். வே, லா, ண், டி. ஒரு மாசம் ஆயிற்று. கல்லைக் கொத்துகிற மாதிரி அழுத்தி எழுதுவான். பேனா முள் உடையும். வேறு எழுத்து எதுவும் தெரியாது. அது ஒன்றுதான். அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்ப்பான் பாருங்கள், பட்டாபிஷேகம் ஆன மாதிரி.

ஆனால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் அவனுக்கு அரை நாள் வேலை போகிறது. மேஸ்திரி கத்துகிறான். அவன் கஷ்டத்தைப் பார்த்துத்தான் சொன்னேன், "வேலாண்டி, மொத்தமா பத்துத் தாள்ல போட்டுக் குடுத்துரு. தேவைப்படும்போது எழுதிக்கிறோம். நீ அலைய வேண்டாம்" என்று. அவனுக்குச் சந்தோஷம். சாயங்காலம் கை கழுவிவிட்டு வந்து பத்துத் தாளில் போடுவான். "இதுல என்ன எழுதுவீங்க ஏட்டையா?" என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டான். "நடந்ததைத்தான் எழுதுவோம்" என்றேன். தலையாட்டினான்.

தப்புத்தான். தெரியும். எல்லா ஸ்டேஷனிலும் நடக்கிற தப்பு. ஆனால் நான் செய்தது அவன் வசதிக்காக. அதை மறந்துவிடாதீர்கள்.

அந்தத் தாள்கள் என் பெட்டியில் இருக்கும். பூட்டிச் சாவியை அரைஞாணில் கட்டிக்கொள்வேன். ஸ்டேஷனில் கேஸ் எழுதுகிற ரைட்டரிடம்கூடக் கொடுக்க மாட்டேன். அவ்வளவு பத்திரம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மோட்டார் வயர் திருட்டு ஆரம்பித்தது. தோட்டத்துப் பம்புசெட்டில் செம்புக் கம்பியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவான். ஒரே மாசத்தில் பதினாலு கிணறு. பயிர் காய்கிறது. விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்தார்கள். கலெக்டர் எஸ்.பி.யைக் கேட்டார், எஸ்.பி. இன்ஸ்பெக்டரைக் கேட்டார், இன்ஸ்பெக்டர் எங்களை என்ன கேட்டார் என்பதைப் பெண்பிள்ளையிடம் சொல்ல முடியாது.

நல்லதம்பி பெயர் எப்படி வந்தது? அவன் வேலாண்டியின் மருமகன். மகள் மலர்க்கொடியைக் கட்டியவன். கல்லுடைப்பான், வேலை இல்லாத நாளில் பழைய இரும்பு எடுக்கப் போவான். பழைய இரும்புக் கடையில் அவனைப் பார்த்ததாக ஒருத்தன் சொன்னான். அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடு என்றார். நான்தான் குறுக்கே விழுந்தேன். "ஜீப் வேண்டாம் சார். நான் போய்க் கூப்பிட்டா வருவான்" என்றேன். அது உண்மை. ஜீப் போயிருந்தால் காலனியே ரெண்டாகியிருக்கும்.

நடந்து போனேன். வேலாண்டி வாசலில் உட்கார்ந்து உளிக்குச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். நல்லதம்பி உள்ளே இருந்து, "நான் எதுக்கு வரணும்? நான் எடுக்கல" என்றான். வாய் கொஞ்சம் நீளம் அவனுக்கு. வேலாண்டி எழுந்து போய் அவன் தோளில் கை போட்டு வெளியே கூட்டி வந்தான். "ஏட்டையாவே வந்திருக்காரு. பொறகென்ன? போய் என்ன ஏதுன்னு சொல்லிட்டு வா" என்றான்.

மலர்க்கொடி கைப்பிள்ளையோடு நின்றாள். "எப்ப விடுவாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"சாயங்காலம் நானே கொண்டாந்து விடுறேன்" என்றேன்.

நல்லதம்பி செருப்பு மாட்டிக்கொண்டு என்னோடு நடந்து வந்தான். விலங்கு இல்லை, கயிறு இல்லை. ஸ்டேஷனில் பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் எனக்கு உத்தரவு வந்தது. நார்த்தாமலைத் திருவிழா பந்தோபஸ்து, மூன்று நாள், உடனே கிளம்பு என்று. நான் என்ன செய்வது? போனேன். உத்தரவு என்றால் உத்தரவு. இன்ஸ்பெக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாம் என்கிறீர்களா? கதவு சாத்தியிருந்தது. வேன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

மூன்று நாள் கழித்து வந்தேன். நல்லதம்பிக்கு இடது கை வீங்கித் துணி கட்டியிருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்தான். அப்படித்தான் எழுதியிருக்கிறது. அப்படிப் பார்க்காதீர்கள். நான் ஸ்டேஷனில் இல்லை. அதுதான் எனக்குத் தெரியும். அன்றைக்கு அவன் என்னைப் பார்த்தான். அந்தக் கையில் இரண்டு விரல் இன்றைக்கும் மடங்குவதில்லை. உளி பிடிக்க முடியாது.

ரைட்டர் கேட்டார். "ஏட்டய்யா, மகஜருக்கு சாட்சி வேணும். ஒங்க காலனி ஆளு போட்ட தாள் இருக்கா?"

பெட்டியைத் திறந்தேன். மேலே இருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன்.

எந்தக் கேஸுக்கு என்று கேட்கவில்லை. அந்த வாரம் ரைட்டர் மேஜையில் ஏழெட்டுக் கேஸ் கிடந்தது. எதுவாகவும் இருக்கலாம். அவன் வேலாண்டிக்கு மருமகன் என்று ரைட்டருக்கும் தெரியாது. நல்லதம்பி, தகப்பன் பெயர் ஆண்டியப்பன் என்றுதானே அவர் எழுதுகிறார்? மாமனார் பெயர் எந்தக் கட்டத்திலும் வராது. மாமனாரையே மருமகனுக்கு எதிராகச் சாட்சி போடுகிற மடையன் எந்த ஸ்டேஷனிலும் இருக்க மாட்டான். தெரியாமல் நடந்தது.

ரைட்டர் எழுதி வைத்திருந்த மகஜர் நகல் மேஜையில் விரித்துத்தான் கிடந்தது. பெரிய எழுத்து ரைட்டருக்கு. நான் கண்ணாடி போட்டிருக்கவில்லை.

தண்ணீர் குடியுங்கள். வெயிலில் வந்திருக்கிறீர்கள்.

அவனை ரிமாண்டுக்கு அனுப்பியாயிற்று. ஆட்டுக் கொட்டிலில் பதினெட்டு கிலோ கம்பி, அவனே எடுத்துக் கொடுத்தான், சாட்சி வேலாண்டி முன்னிலையில். தாள் அப்படிச் சொல்லிற்று. வேலாண்டிக்குத் தெரியாது. ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்க்க வந்தான். "சாயங்காலம் விடுவோம்னீங்களே ஏட்டையா" என்றான். கோபமாகக்கூட இல்லை. "எனக்கு மேல ஆளு இருக்காங்கடா" என்றேன். பிறகு அவனே சொன்னான், "நீங்க இருந்திருந்தா இப்படி ஆயிருக்காது." ஆமாம் என்றேன்.

இரண்டு மாசத்தில் நல்லதம்பி ஜாமீனில் வந்தான். கேஸ் இழுத்தது. இரண்டு வருஷம். அப்புறம் ஒரு நாள் சாட்சிகளுக்குச் சம்மன் வந்தது. கோர்ட் கான்ஸ்டபிள் கொடுக்கப் போனான். நான்தான் வாங்கிக்கொண்டேன். வேற்று ஆள் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது என்று பட்டது.

அன்றைக்கும் சோத்து நேரம். வீட்டில் நாலு பேரும் இருந்தார்கள். சம்மனை நீட்டினேன். வேலாண்டி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எந்தக் கேஸு ஏட்டையா? அந்தக் கெணத்துல விழுந்த பொண்ணா?"

"இல்ல. நல்லதம்பி கேஸு."

"அதுக்கு நான் என்ன சாட்சி? நான் ஒண்ணும் பாக்கலையே."

மலர்க்கொடி பத்தாவது பாஸ். எழுந்து உள்ளே போனாள். கோர்ட்டில் நல்லதம்பிக்குக் கொடுத்த கேஸ் நகல் கட்டு, ஒரு ஜவுளிக்கடைப் பையில் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. அத்தனை நாள் ஒருத்தரும் பிரித்துப் படிக்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒரு தாளில் நின்றாள். சத்தமாகப் படித்தாள். "மேற்படி எதிரி, சாட்சி வேலாண்டி முன்னிலையில், யாருடைய தூண்டுதலும் இன்றித் தானாக முன்வந்து..." அதற்கு மேல் படிக்கவில்லை. தாளை அப்பன் முன்னால் வைத்து, அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள்.

அதை அவனுக்குப் படிக்கத் தெரியும்.

நல்லதம்பி சிரித்தான். "ஏன் மாமா, நான் ஒத்துக்கிட்டப்ப நீங்க பக்கத்துலயே நின்னீங்களாமே? எனக்குத் தெரியாமப் போச்சே. ஒரு வாய் தண்ணியாவது குடுத்திருக்கக் கூடாதா?" என்றான். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனான்.

ராக்காயி என் தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பானைக்குள் திருப்பிக் கொட்டினாள்.

கோர்ட்டுக்கு முதல் நாள் மறுபடியும் போனேன். குவாரியில் வைத்து வேலாண்டியைத் தனியாகக் கூப்பிட்டேன். நீங்கள் நினைக்கிறீர்கள், பொய் சொல்லச் சொன்னேன் என்று. இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. ரிட்டயர்மெண்டுக்கு ஏழு மாசம் இருக்கிறது என்று சொன்னேன். வெறும் தாளில் வாங்கினது வெளியே வந்தால் சஸ்பெண்ட், பென்ஷன் கிடையாது, ஒருவேளை என்னையே உள்ளே வைப்பார்கள் என்று சொன்னேன். தகவலாகச் சொன்னேன். மறைப்பதா அவனிடம்?

"நான் என்ன சொல்லணும் ஏட்டையா?" என்றான்.

"கையெழுத்து உன்னதுதானே?"

"ஆமா."

"ஆமான்னு சொல்லு. அவ்வளவுதான். மத்ததைக் கோர்ட்டு பாத்துக்கும். சின்னக் கேஸ், அபராதத்தோட போயிரும்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "சரி" என்றான்.

மறுநாள் கோர்ட். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூண்டில் ஏறினான். அரசு வக்கீல் தாளைக் காட்டினார். "இது உங்க கையெழுத்தா?"

"ஆமாங்க."

"அங்க நிக்கிற எதிரியைத் தெரியுமா?"

"தெரியுங்க. எம் மவ புருஷன்."

மாஜிஸ்ட்ரேட் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "என்ன சொன்னீங்க?"

"எம் மவளைக் கட்டுனவருங்க."

ரைட்டர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்துவிட்டது. அப்போதுதான் அவருக்கே தெரியும்.

அரசு வக்கீல் கேட்டார். "எதிரி ஒத்துக்கிட்டு, கம்பியை எடுத்துக் குடுத்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?"

வேலாண்டி என்னைப் பார்த்தான். நான் கதவோரம் நின்றிருந்தேன். மலர்க்கொடி பின் பெஞ்சில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கவில்லை அவன். என்னைத்தான் பார்த்தான்.

"ஏட்டையா சொன்னா சரியாத்தாங்க இருக்கும்" என்றான்.

மாஜிஸ்ட்ரேட் சொன்னார், "ஏட்டு சொல்றது வேண்டாம். நீங்க கண்ணால பாத்தீங்களா?"

இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

என் ஷூ லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்து அதைப் பார்த்தேன். நான் தலையாட்டவில்லை, வக்கீலம்மா. குனிந்தேன். அதைத் தலையாட்டியதாக அவன் எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

"பாத்தேங்க" என்றான்.

நல்லதம்பிக்கு அன்றைக்கு இருந்த இலவச வக்கீல் எழுந்து, வெறும் தாளில் கையெழுத்துப் போட்டீர்களா என்று கேட்டார். ஒரே கேள்வி. "இல்லைங்க" என்றான். முடிந்தது.

தீர்ப்பு படித்திருப்பீர்கள். எனக்கு மனப்பாடம். எதிரியின் சொந்த மாமனாரே சாட்சி சொல்லியிருக்கிறார், பெற்ற மகளின் வாழ்க்கையைக் கெடுத்துப் பொய் சொல்ல அவருக்கு எந்த முகாந்திரமும் இல்லை, ஆகவே அவர் சாட்சியம் முழுக்க நம்பத்தக்கது. மூன்று வருஷம் ஜெயில். எவனோ ஒரு பஜார்க்காரன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் கேஸ் நின்றிருக்காது. வேலாண்டியாக இருந்ததால் நின்றது.

நான் முழுப் பென்ஷனோடு ரிட்டயர் ஆனேன். மாலை போட்டார்கள். இன்ஸ்பெக்டர் பேசினார், பொதுமக்கள் நம்பிக்கையைப் பெற்றவர் என்று.

அதற்கு அப்புறம் ஒரு தடவை காலனிக்குப் போனேன். பேன்ட் சட்டையில், சாதா ஆளாக. மரத்தடியில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் ஓடவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தராக எழுந்து போனார்கள். திட்டியிருக்கலாம். ஒரு கல்லை எடுத்து எறிந்திருக்கலாம். எழுந்து போனார்கள், அவ்வளவுதான். தள்ளி, தனியாக ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். அவன்தான். மகள் பேசுவதில்லை. ராக்காயி மகளோடு போய்விட்டாள். பாறையில் வெடிக்குக் குழி போடுவதற்கு இரண்டு ஆள் வேண்டும், ஒருத்தன் கம்பி பிடிக்க, ஒருத்தன் அடிக்க. அவனோடு கம்பி பிடிக்க ஆள் வரவில்லை. சில்லு பொறுக்கிக்கொண்டிருந்தான், பொம்பளைகள் பார்க்கிற வேலை.

என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டான். "வாங்க ஏட்டையா. ஒடம்பு எப்படி இருக்கு? இளைச்சிட்டீங்களே" என்றான். உட்கார முடியவில்லை என்னால். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவன் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சரி. சொல்லிவிட்டேன். காதால் கேட்டீர்கள். போதும். மலர்க்கொடியிடம் போய்ச் சொல்லுங்கள், ஏட்டு எழுதித் தர மாட்டான் என்று. அந்தப் பெண் என்னை நாலு வார்த்தை பேசட்டும். பேச வேண்டியவள்தான்.

என்ன?

அவள் அனுப்பவில்லையா? பின்னே யார் அனுப்பியது?

...வேலாண்டியா?

அவனே உங்கள் ஆபீசுக்கு வந்தானா? அவன் அந்தப் பக்கமெல்லாம் வந்தது கிடையாதே. என்ன சொன்னான்? சுருக்காமல் சொல்லுங்கள். அவன் சொன்ன மாதிரியே.

"நான் பொய் சொல்லிட்டேன். என்னப் புடிச்சு உள்ள வைங்க, பரவால்ல, அந்தப் பையன வெளிய விடுங்க." அப்படியா சொன்னான்? நீங்கள் என்ன சொன்னீர்கள்? ஆமாம், அவன் பேச்சை மாற்றினால் இனி எடுபடாது. சரிதான். மருமகனுக்காக மாற்றுகிறான் என்பார்கள். அதற்கு?

"அப்ப எங்க ஏட்டையாகிட்டப் போங்க. அவருக்கு எல்லாந் தெரியும். அன்னிக்கு அவருக்கு வேலைக்கு பயம், அதுக்காவத்தான் நான் அப்படிச் சொன்னேன். இப்ப ரிட்டயர் ஆயிட்டாரு. இனிமே சொல்லுவாரு."

அப்படியே சொன்னானா?

சொல்லுவாரு என்றா சொன்னான்? முன்னால் ஒரு 'ஒருவேளை' கூடப் போடவில்லையா?

...

கொஞ்சம் இருங்கள். ஃபேன் காற்று கண்ணில் படுகிறது.

பென்ஷனை எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், வக்கீலம்மா. ரிட்டயர் ஆனாலும் கேஸ் போடலாம். உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அறுபத்தோரு வயசில் நான் கூண்டில் ஏறி என்ன சொல்வது? முப்பத்து நாலு வருஷமும் பொய் என்றா? பதினோரு வருஷம் நடந்தேனே, அதுவும்தானே போய்விடும்? அந்த ஒரு தாளுக்காக?

முடியாது. எழுதித் தர முடியாது. அந்தப் பையில் கை வைக்காதீர்கள், ஃபாரத்தை எடுக்காதீர்கள். எடுத்தால் நான் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

நாலு இருபதுக்கு ஒரு பஸ் வரும். அதை விட்டால் ஆறரை.

ஒரு உதவி செய்யுங்கள். நாளைக்கு அவன் உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பான். காலையிலேயே வந்துவிடுவான். நான் மாட்டேன் என்றேன் என்று சொல்லாதீர்கள். போனேன், ஏட்டையா வீடு பூட்டியிருந்தது, மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாராம், எப்போது வருவார் என்று தெரியவில்லை என்று சொல்லுங்கள்.

சொல்லுங்கள். நம்புவான்.